எட்டு மாத விருந்தாளிகள்
தங்கவயலில் வலசைக் குருவிகளை இனங்காணும் முறை



கோலார் தங்கவயல் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவை தங்கம், மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் தோண்டப்பட்ட சாம்பியன் ரீஃப் சுரங்கம், 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து வந்து சேர்ந்த மின்சாரம், பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை போகும் ரயில் பாதை ஆகியவைதாம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பின், "அங்கே இனி என்ன இருக்கிறது?" என்று கேட்போரே அதிகம். ஆனால் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் யாருடைய அழைப்பும் இல்லாமல் அவ்வூருக்கு வந்து, ஏப்ரல் வரை தங்கிவிட்டுப் போகும் ஒரு கூட்டம் உண்டு. அவை வலசைக் குருவிகள். அவற்றைப் பார்த்து இனங்காண்பது எப்படி என்பதே இந்தப் பாடம்.

நான் பறவையியல் படித்தவன் அல்லன். பொறியியல் டிப்ளோமா முடித்து, ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். டிராலியில் போகும்போது தண்டவாளத்தைப் பார்த்த கண், ஓய்வுக்குப் பின் வேலியோரத்துப் புதரைப் பார்க்கப் பழகிக்கொண்டது, அவ்வளவுதான். ஆகவே பெரிய படிப்பு ஏதும் தேவையில்லை என்ற தைரியத்துடன் நீங்களும் தொடங்கலாம்.

ஏன் வருகின்றன?

குளிருக்குப் பயந்து பறவைகள் தெற்கே வருகின்றன என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். இறகுப் போர்வை உடைய பறவை ஓரளவு குளிரைத் தாங்கும், பட்டினியைத் தாங்காது. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் இமயமலையின் உயரமான சரிவுகளிலும் குளிர்காலம் வந்ததும் பூச்சிகள் அடியோடு மறைந்துவிடுகின்றன. பூச்சியையே நம்பி வாழும் சிறு குருவிக்கு வேறு வழியில்லை. பகல் பொழுது குறையத் தொடங்கியதும் அதன் உடலில் மாற்றம் நிகழ்கிறது. நிறையத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தக் கொழுப்பே பயணத்துக்கு எரிபொருள். பெரும்பாலான சிறு குருவிகள் இரவில் பறந்து, பகலில் இறங்கி இரை தேடும். விண்மீன்களையும் பூமியின் காந்தப் புலத்தையும் கொண்டு திசை அறிகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

தொலைவை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். தங்கவயல் வட அட்சரேகை 13 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். இமயமலை 30 பாகை என்று கொண்டால் இடையில் 17 பாகை. ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். மங்கோலியப் பகுதி 50 பாகை என்றால் 4,100 கிலோமீட்டர். நேர்கோட்டுக் கணக்கே இவ்வளவு. இந்தப் பயணத்தைச் செய்யும் பச்சைக் கதிர்க்குருவியின் எடையோ சுமார் 8 கிராம். நம் பையில் இருக்கும் பத்து ரூபாய் நாணயத்தின் எடை 7.71 கிராம்! இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

முதல் பாடம்: உள்ளூர்க்காரரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரயில் பாதையில் கீமேன் என்றொரு தொழிலாளி உண்டு. தினமும் தன் பீட் முழுவதையும் நடந்து பார்ப்பார். ஒரு சாவி தளர்ந்திருந்தாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். காரணம், தளராத சாவி எப்படியிருக்கும் என்பதை அவர் ஆயிரம் முறை பார்த்திருக்கிறார். பறவை பார்ப்பதும் அப்படியே. ஆண்டு முழுவதும் இருக்கும் பறவைகளை நன்றாக அறிந்தவருக்கே புதிதாக வந்தது கண்ணில் படும்.

எனவே வலசைக் காலம் தொடங்குமுன் ஜூன், ஜூலை மாதங்களில் இவற்றைப் பழகிக்கொள்ளுங்கள்: செம்பழுப்பு உச்சியும் தூக்கிய வாலும் உடைய தையல்சிட்டு, வாலை ஆட்டியபடி புதருக்குள் நுழையும் சாம்பல் கதிர்க்குருவி, வளைந்த அலகுள்ள தேன்சிட்டு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட வெள்ளைக்கண்ணி, இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் கொண்ட மாம்பழச்சிட்டு. இந்த ஐந்தும் தெரிந்துவிட்டால், அக்டோபரில் ஒரு சிறு குருவியைக் கண்டதும் "இது அந்த ஐந்தில் ஒன்றும் இல்லையே!" என்று மனம் சொல்லும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாம் பாடம்: ஆறு கேள்விகள், நிறம் கடைசி

புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் நிறத்தைக் குறிக்கிறார்கள். நிறம் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும். காலை வெயிலில் மஞ்சளாகத் தெரிவது நிழலில் சாம்பலாகத் தெரியும். சிறு வலசைக் குருவிகளில் பலவும் பழுப்பு அல்லது மங்கிய பச்சை. எனவே கேள்விகளை இந்த வரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. அளவு: தெரிந்த பறவையுடன் ஒப்பிடுங்கள். தேன்சிட்டு 10 செ.மீ., சிட்டுக்குருவி 15 செ.மீ., மைனா 23 செ.மீ. இவற்றில் எதற்குக் கிட்டத்தில் இருக்கிறது?

2. உருவம்: அலகு ஊசி போன்றதா, தட்டையா, கொக்கி போல் வளைந்ததா? வால் நீளமா, குட்டையா?

3. இடம்: தரையிலா, புதரின் அடியிலா, மர உச்சியிலா, தந்திக் கம்பியிலா?

4. நடத்தை: வாலை மேலும் கீழும் ஆட்டுகிறதா? ஓரிடத்தில் உட்கார்ந்து பறந்து பூச்சியைப் பிடித்துத் திரும்புகிறதா? இலைக்கு இலை தாவுகிறதா?

5. குரல்: ஓர் அசையா, இரண்டு அசையா? கல்லோடு கல் தட்டுவது போலவா, விசில் போலவா?

6. நிறமும் குறிகளும்: புருவக் கோடு உண்டா? இறக்கைப் பட்டை உண்டா? வால் ஓரத்தில் வெள்ளை உண்டா?

இந்த ஆறுக்கும் விடையை அங்கேயே நின்று நோட்டில் எழுதிவிட வேண்டும். அதன் பிறகே படப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். முதலில் புத்தகத்தைத் திறந்தால், படத்தில் உள்ளதைப் பறவையின் மேல் ஏற்றிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். அளவெடுக்காமல் ரிஜிஸ்டரை நிரப்புவது போன்றது அது.

பைனாகுலர் பற்றி ஒரு சொல். அதன் மேல் 8×40 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 40 மி.மீ. என்று பொருள். 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக் கற்றையின் அகலம் 5 மி.மீ. என்பதே அதன் அர்த்தம். புதர் நிழலில் பார்க்க இது போதுமானது. அதிக மடங்கு பெரிதாக்குவது நல்லது என்று நினைத்து வாங்கினால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும்.

மூன்றாம் பாடம்: ஆறு அறிமுகங்கள்

பழுப்புக் கீச்சான். தொடங்குவதற்கு ஏற்ற பறவை இதுவே. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிது. பழுப்பு முதுகு, செம்பழுப்பு வால், கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, அதன் மேல் வெள்ளைப் புருவம், கொக்கி அலகு. முட்புதரின் உச்சியில் தனியாக உட்கார்ந்திருக்கும். செப்டம்பர் பிற்பாதியில் வந்து இறங்கியதும், விடியற்காலையிலும் அந்தியிலும் கரகரத்த குரலில் இடைவிடாது கத்தும். "இந்தப் புதர் எனக்கு" என்று பட்டா எழுதும் சத்தம் அது!

வாலாட்டிகள். ஓடையோரம், ஏரிக்கரை, ஈரமான புல்தரை ஆகியவை இவற்றின் இடம். வயிறு மஞ்சள், முதுகு சாம்பல், வால் மிக நீளம் என்றால் சாம்பல் வாலாட்டி. வயிறு மஞ்சள், முதுகு பச்சை கலந்த பழுப்பு, வால் அவ்வளவு நீளம் இல்லை, மேயும் மாடுகளின் காலடியில் ஓடுகிறது என்றால் மஞ்சள் வாலாட்டி. கறுப்பும் வெள்ளையுமாக இருந்தால் நிதானம் தேவை. முதுகு சாம்பலாக இருந்தால் வலசை வரும் வெள்ளை வாலாட்டி. முதுகு நல்ல கறுப்பும் வெள்ளைப் புருவமும் இருந்தால் அது நம் ஊரிலேயே ஆண்டு முழுவதும் வாழும் பெரிய வாலாட்டி. பேத்தமங்கலா ஏரிக்கரையில் ஒரு காலைப் பொழுது போதும், இந்த வேறுபாடுகள் பிடிபட்டுவிடும்.

பச்சைக் கதிர்க்குருவி. ஆங்கிலத்தில் கிரீனிஷ் வார்ப்ளர் என்பார்கள். தேன்சிட்டின் அளவு. மேலே மங்கிய பச்சை, கீழே அழுக்கு வெள்ளை, வெளிறிய நீண்ட புருவம், இறக்கையில் மெல்லிய ஒற்றைப் பட்டை. ராபர்ட்சன்பேட்டை, உரிகம் பக்கத்துப் பழைய பங்களா வளாகங்களிலும் சாலையோரங்களிலும் நிற்கும் பெரிய மரங்களில் இலைக்கு இலை தாவிக்கொண்டே இருக்கும். கண்ணில் படுவது அரிது. காதில் விழுவது எளிது. "ச்சிவீ... ச்சிவீ" என்று இரண்டு அசையில் நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கும். இந்தக் குரலை அறிந்துகொண்டவர், மரத்தை நிமிர்ந்து பாராமலேயே குருவியின் வருகையைச் சொல்லிவிடலாம்.

பிளைத் நாணல் கதிர்க்குருவி. பெயரில் நாணல் இருந்தாலும் குளிர்காலத்தில் உண்ணிச்செடிப் புதரே இதன் வீடு. தையல்சிட்டைவிடச் சற்றுப் பெரிது. ஒரே சீரான பழுப்பு. பட்டை கிடையாது, புள்ளி கிடையாது. அலகு நீளம். புதரின் அடியில் ஒளிந்துகொண்டு "ட்சக்... ட்சக்" என்று கூழாங்கற்களைத் தட்டுவது போல் ஒலிக்கும். பின்லாந்து தொடங்கி மத்திய ஆசியா வரை கூடு கட்டும் குருவி, நம் வேலியோரத்தில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

பழுப்பு ஈப்பிடிப்பான். சாம்பல் கலந்த பழுப்பு உடல், பெரிய கண், அதைச் சுற்றி வெள்ளை வளையம். நிழலான கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். சட்டென்று பறந்து பூச்சியைப் பிடித்துப் பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்பும். பொறுமையாகப் படம் வரைய விரும்பும் பிள்ளைகளுக்கு ஏற்றது.

சூறைக்குருவி. சோளக்குருவி என்றும் சொல்வார்கள். மைனாவின் உறவு. வளர்ந்த பறவைக்கு ரோஜா நிற உடல், கறுப்புத் தலை, கறுப்பு இறக்கை. இளம் பறவை மண் நிறம். கூட்டமாக வரும், கூட்டமாக இறங்கும், கூட்டமாக எழும். மற்றவற்றைத் தேடிப் போக வேண்டும். இது தானே வந்து அறிமுகம் செய்துகொள்ளும்.

நான்காம் பாடம்: வேறு மரத்துக்குப் போய்விடுமா?

ஒரு மரத்தை வெட்டும்போது, "குருவிதானே, பக்கத்து மரத்துக்குப் போய்விடும்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதற்கு விடை நம் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. முண்டந்துறைக் காட்டில் 1990-களில் மதுசூதன் கட்டி, டிரெவர் பிரைஸ் ஆகிய ஆய்வாளர்கள் பச்சைக் கதிர்க்குருவிகளின் குளிர்கால வாழ்க்கையை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு குருவியும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் அதைக் காத்து நிற்கிறது. அந்த "ச்சிவீ" என்ற குரல் பாட்டு அன்று, எல்லைக் கல்! பக்கத்து மரத்தில் ஏற்கெனவே வேறொரு குருவி இருக்கும். அது இடம் கொடாது. மரத்தை இழந்த குருவி தரமில்லாத இடத்துக்குத் தள்ளப்படும். அங்கே இரை போதாவிட்டால் ஏப்ரல் பயணத்துக்கான கொழுப்பு சேராது.

மேலும் இந்தக் கதிர்க்குருவிகளில் உயிரோடு திரும்புபவை பலவும் மறு ஆண்டும் பழைய இடத்துக்கே வருகின்றன. காலில் வளையமிட்டுத்தான் இதை அறிந்தார்கள். நம் நாட்டில் இப்பணி பெரிய அளவில் நடந்ததற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தன, மக்களுக்கும் காய்ச்சல் கண்டது. அந்த நோய்க்கிருமி ரஷ்யாவில் காணப்பட்ட ஒன்றுக்கு உறவாக இருந்ததால், வலசைப் பறவைகளின் உடலில் ஒட்டிய உண்ணி மூலம் வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959 முதல் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விடுவிக்கத் தொடங்கியது. நம் கோடிக்கரை அதில் முக்கியமான ஒரு நிலையம். நோயைத் தேடிப் போனவர்கள் பறவைகளின் பயணப் பாதையைக் கண்டார்கள்.

இப்போது ஒரு கேள்வி. செப்டம்பரில் வந்து ஏப்ரலில் போகும் கீச்சான், ஆண்டில் எட்டு மாதம் இங்கே இருக்கிறது. கூடு கட்டும் ஊரில் இருப்பதோ மூன்று மாதம் போல, மீதி வழிப்பயணம். அப்படியானால் அதற்குச் சொந்த ஊர் எது? பிழைப்புக்காக வட ஆர்க்காட்டிலிருந்து தங்கவயலுக்கு வந்து, நாலு தலைமுறை அங்கேயே வாழ்ந்தபின்பும் "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்கப்படும் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியின் பொருள் சொல்லாமலே விளங்கும்.

ஐந்தாம் பாடம்: எழுதி வையுங்கள்

இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-இல் வெளியான அறிக்கை, 942 இனங்களைப் பற்றிப் பேசுகிறது. நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்து வருகின்றன என்கிறது. இந்தக் கணக்கு வானத்திலிருந்து வந்ததன்று. சுமார் 30,000 பேர் தங்கள் நோட்டில் எழுதி அனுப்பிய பட்டியல்களைச் சேர்த்துப் போட்ட கணக்கு. பெரும்பாலோர் ஆசிரியர்கள், மாணவர்கள், அலுவலகம் செல்வோர், ஓய்வு பெற்றோர். ஆகவே உங்கள் நோட்டும் கணக்கில் சேரும்.

தங்கவயலில் இதற்கு இன்னொரு அவசரமும் உண்டு. சுரங்கத்திலிருந்து தோண்டி அரைத்துக் கொட்டிய சைனைடு மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தைப் பிரிக்கும் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மேடுகள் மொத்தம் 13. வேலைக்காக விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், இரவில் வீடு திரும்பும் இளைஞர்களை நான் அறிவேன். காற்றடிக்கும் காலத்தில் அந்த மேடுகளின் தூசியைச் சுவாசித்த தாய்மார்களையும் அறிவேன். வேலை வேண்டும், தூசி அடங்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் மேடுகளைச் சுற்றியுள்ள முட்புதர்களிலும் பழைய வளாகத்து மரங்களிலும் இன்று எந்தெந்தக் குருவி, எந்த மாதத்தில், எத்தனை இருக்கிறது என்ற பட்டியல் நம் கையில் இருக்க வேண்டாமா? பாதையில் வேலை தொடங்குமுன் பழைய அளவுகளைக் குறித்து வைப்போம். குறிக்காவிட்டால், பின்னால் ஏற்பட்ட மாற்றத்தை யாராலும் நிரூபிக்க முடியாது. "இங்கே எதுவும் இல்லை" என்று எழுதப்பட்ட நிலத்தில் ஐந்து மரத்தை விட்டுவைக்கச் சொல்லவும் முடியாது. "இந்த மூன்று மரங்களில் ஐந்து ஆண்டாகக் கதிர்க்குருவி வருகிறது, தேதி இதோ" என்று காட்டினால், கேட்பதற்கு ஆள் கிடைப்பார்கள்.

அதற்காகவே பட்டியல் நேர்மையாக இருக்க வேண்டும். உறுதியில்லாததை "ஏதோ ஒரு கதிர்க்குருவி" என்றே எழுதுங்கள். அதில் வெட்கம் இல்லை. பெயர் தெரியாத பறவையைக் குறித்தால் பட்டியல் சற்றுக் குறைபடும். தவறான பெயர் எழுதினால் பட்டியலே கெட்டுவிடும்.

எச்சரிக்கை ஒன்று: பறவையைத் தேடிச் சைனைடு மேட்டின் மேல் ஏறாதீர்கள். பழைய சுரங்க வாய்களின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். சாலையோரத்திலிருந்து தெரியும் பறவைகளே போதும். பறவையை வெளியே வரவழைக்கப் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட வேண்டாம். எல்லையைக் காக்க வந்த குருவி, இரை தேடும் நேரத்தை வீணாக்கும்.

வீட்டுப் பயிற்சி

தங்கவயலில் இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். மும்பையானாலும் டெல்லியானாலும் ஒரு மரமும் ஒரு வேலியும் இருக்கத்தான் செய்யும்.

1. வீட்டருகே ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிறு காலை 7 மணி முதல் 7.30 வரை அங்கே நில்லுங்கள். இடத்தையும் நேரத்தையும் மாற்றாதீர்கள்.

2. நோட்டில் தேதி, நேரம், வானிலை, பறவை, எண்ணிக்கை என ஐந்து பத்திகள் போடுங்கள். ஒன்றும் காணாத நாளையும் "இல்லை" என்று எழுதுங்கள்.

3. குரல் கேட்ட அளவில் பிள்ளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். "ட்சக்", "ச்சிவீ" என்று அவர்கள் எழுத எழுதக் காதும் கூர்மையாகும், எழுத்தும் பழகும்.

4. ஒவ்வொரு பறவையையும் ஆண்டில் முதலில் கண்ட நாளையும் கடைசியாகக் கண்ட நாளையும் சிவப்பு மையால் குறியுங்கள்.

5. 2015 முதல் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடத்தப்பட்டு வருகிறது. பொங்கல் விடுமுறையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கிக் கண்ட பறவைகளை எண்ணி, ஈபேர்ட் என்ற இணையப் பதிவேட்டில் சேர்க்கலாம். பொங்கல் வைத்த முற்றத்திலிருந்தே எண்ணலாம்.

மூன்று குளிர்காலம் இப்படி எழுதினால், உங்கள் தெருவைப் பற்றி வேறு யாரிடமும் இல்லாத ஓர் ஆவணம் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும். வரும் செப்டம்பரில், விடியற்காலையில், வேலியோரத்தில் கரகரத்த குரல் ஒன்று கேட்டால் தேதியை உடனே குறித்துக்கொள்ளுங்கள்.